முன் டயருக்குக் காற்று அடித்தது யார்?

எது நல்ல டயர் என்று யாராவது மொட்டையாகக் கேட்டால் எனக்குச் சுள்ளென்று கோபம் வரும். எது நல்ல மருமகள் என்று கேட்கிற மாதிரி அல்லவா இருக்கிறது? எந்த வீட்டுக்கு என்று சொன்னால்தானே பதில் சொல்ல முடியும்.

கம்பத்தில் ஒரு டயர் கடையில் பில் போடச் சேர்ந்து, டயர் விற்கிறவளாகி, தலை நரைத்த பிறகுதான் வெளியே வந்தேன். வந்தும் விட்டார்களா என்றால் இல்லை. ஜெயசீலி கார் ஓட்டிய வீடியோ போன் போனாகச் சுற்றியதிலிருந்து, கடைக்கு வருகிற இளவட்டமெல்லாம் "பாண்டியக்கா போட்ட ரேஸ் டயர் வேணும்" என்று நிற்கிறதாம். கடையில் இப்போது இருக்கிறவர்கள் எனக்குப் போன் போட்டு, "அக்கா, அது என்ன டயரு, எப்பிடி எடுத்தீக?" என்கிறார்கள். ஆளுக்கொரு தடவை சொல்லி என் தொண்டை வற்றிவிட்டது. அதனால் ஒரே தடவையாக எழுதிவிடுகிறேன். படித்துவிட்டு மறுபடியும் போன் போடுகிறவனை நேரில் வந்து கவனித்துக்கொள்கிறேன்.

என் ஆரம்ப வருடங்களைப் பற்றிச் சொல்லப் பெரிதாக ஒன்றுமில்லை. பில் போட்டேன். டீ வாங்கி வரச் சொன்னவர்களை முறைத்தேன். ஆள் வராத நாளில் ஜாக்கி பிடித்தேன். பொம்பளை டயர் உருட்டுகிறாள் என்று வேடிக்கை பார்க்க வந்தவர்களே பிறகு என் வாடிக்கையாளர்கள் ஆனார்கள். தொழில் முழுவதையும் சாமுவேல் முதலாளியைப் பார்த்துப் பார்த்துத்தான் கற்றுக்கொண்டேன்.

போடியில் ஏலக்காய் வியாபாரம் செய்த புராட்டஸ்டண்ட் குடும்பம் அவருடையது. டயர் கடைக்கு வெள்ளைச் சட்டையில் வருவார், சாயங்காலம் போகும்போதும் அது வெள்ளையாகவே இருக்கும். அதற்காக டயரைத் தொடாதவர் என்று நினைத்துவிடக் கூடாது. எந்த டயர் வந்து இறங்கினாலும் முதலில் கட்டைவிரல் நகத்தை ரப்பரில் அழுத்தி எடுப்பார். தடம் விழுந்து மெதுவாக மறைந்தால் மிருது. தடமே விழாவிட்டால் முற்றல். அடுத்து, பக்கவாட்டில் அச்சடித்திருக்கும் எண்ணைப் பார்த்து எந்த வருடம் எந்த வாரம் செய்தது என்று வாய்விட்டுப் படிப்பார். கடைசியாக இரண்டு கையாலும் டயரின் ஓரத்தை அமுக்கி, எவ்வளவு வளைகிறது என்று பார்ப்பார். இத்தனைக்கும் பிறகு உடனே விற்றுவிட மாட்டார். எதிரே நிற்கிறவரிடம் மூன்று கேள்வி கேட்பார். "எந்த ரோட்டுல போவீக? கூட யாரு வாராக? பின்னால என்ன ஏத்துவீக?" காரின் பெயரைக் கடைசியில்தான் கேட்பார்.

ஒரு தடவை தேவதானப்பட்டியிலிருந்து ஒரு மாங்காய் வியாபாரி வேனோடு வந்தார். மச்சினன் வேனில் அகல டயர் இருக்கிறதாம், அதைவிட அகலமாகத் தனக்கு வேண்டுமாம். முதலாளி மூன்று கேள்வியையும் கேட்டுவிட்டு, "ஒங்களுக்குப் பாரம் தாங்குற டயருதான் வேணும், அகலம் வேண்டாம்" என்றார். "காசு நாந்தான தாரேன், கேட்டதக் குடுக்க வேண்டியதுதான" என்று அவர் குதித்தார். முதலாளி குரலை உயர்த்தவே இல்லை. "அண்ணாச்சி, கண்ணுக்கு அழகாச் செருப்பு வாங்குனா காலத்தான் கடிக்கும். டீ சொல்லிருக்கேன், குடிச்சுட்டுப் போங்க" என்றார். அவர் டீயைத் தொடாமல் போய்விட்டார். வேறெங்கோ போய் ஆசைப்பட்டதை மாட்டி, பாரம் ஏற்றியதும் டயர் மட்காடில் உரசிக் கிழிந்து, அந்த மாங்காய் சீசனுக்குள்ளேயே திரும்பி வந்தார். வந்தவர் வாசலில் நின்றுகொண்டு, "அந்த டீய இப்பக் குடிக்கலாமா?" என்று கேட்டாரே பார்க்கலாம். முதலாளியே வெள்ளைச் சட்டை குலுங்கச் சிரித்தார்.

சரி, ஜெயசீலி கதைக்கு வருகிறேன்.

அவளுடைய அப்பா அந்தோணி டிரைவர் எங்கள் கடைக்கு ரொம்பப் பழைய ஆள். கம்பத்திலிருந்து கேரளத்து மலைத் தோட்டங்களுக்கு ஏலக்காய் எடுக்கப் போகும் பெண்களைத் தினமும் ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போய் வந்தவர். மலைப்பாதையில் மற்ற ஜீப்புகள் பறக்கும். இவர் ஜீப்பில் ஏறிய பெண்கள் ஒருத்தி தோளில் ஒருத்தி சாய்ந்து தூங்கிக்கொண்டே போவார்கள். "அந்தோணி அண்ணே ஜீப்புல போனா வெத்தலை போட்டாக்கூடச் சிந்தாது" என்பார்கள். வயதானதும் ஜீப்பைக் கொடுத்துவிட்டுச் சின்னமனூரில் வீட்டோடு இருந்தார். மிச்சம் இருந்தது ஒரு பழைய பெட்ரோல் கார். அவர் ஆசையாக வாங்கி வைத்திருந்தது. அதையும் இனி ஓட்டப் போவதில்லை என்று அவர் சொன்னதுதான் வினை.

அவருக்கு இரண்டு பிள்ளைகள். மூத்தவள் ஜெயசீலி, மயிலாடும்பாறைப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர். சின்னமனூரிலிருந்து பஸ் மாறி மாறிப் போக வேண்டும். பஸ்ஸை விட்டால் பிரேயரையும் விட்டாள், ஹெட்மாஸ்டர் வாசலிலேயே நிற்பார். அவளுக்குக் காரின் தேவை அப்படி. சின்னவன் பெலிக்ஸ், தேனியில் போன் கடை வைத்திருக்கிறான், கார் பைத்தியம். கையில் வந்தால் காரைத் தரையோடு தரையாக இறக்கி, கலர் லைட் போட்டு, ஊர் ஊராகக் கொண்டுபோய்க் காட்ட வேண்டும் என்பது அவன் திட்டம். கார் பள்ளிக்கூடத்துக்குப் போகுமா, காட்சிக்குப் போகுமா என்று அந்த வீட்டில் தினமும் சண்டை.

மூன்று மாவட்டம் தாண்டி, விமானம் இறங்காமல் கிடக்கும் ஒரு பழைய ஓடுதளத்தில் டிராக் ரேஸ் நடக்கும், அதில் தன் நண்பர்கள் ஓட்டுகிறார்கள் என்று பெலிக்ஸ் பீற்றிக்கொண்டே இருந்திருக்கிறான். நேர்கோட்டில் நானூறு மீட்டர். யார் சீக்கிரம் போய்ச் சேருகிறார்களோ அவர்களுக்கு ஜெயம். அக்காவைப் பார்த்து, "ஒனக்கு ரிவர்ஸே ஒழுங்கா வராது" என்று அவன் சொல்ல, அவள் திருப்பிச் சொல்ல, அந்தோணி டிரைவருக்கு எரிச்சல் வந்துவிட்டது. இரண்டு பேரையும் இழுத்துக்கொண்டு நேரே எங்கள் கடைக்கு வந்தார்.

"அண்ணாச்சி, நீங்கதான் சாட்சி" என்றார் முதலாளியிடம். "ரெண்டு பேரும் அங்கன போயி இதே வண்டிய ஓட்டட்டும். எவுக வேகமா ஓட்டுறாகளோ வண்டி அவுகளுக்கு. இஞ்சின ஒரு பய தொடக் கூடாது. டயரு மட்டும் அவுகவுக இஷ்டம்."

பெலிக்ஸுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "நான் கொச்சியில சொல்லி வச்சுட்டேன். பெரிய ரிம்மு, அகல டயரு. பாத்தாலே பயந்துருவீக" என்று சொல்லிவிட்டு விசிலடித்துக்கொண்டே போய்விட்டான். ஜெயசீலி அங்கேயே நின்றாள். "பாண்டியக்கா, எனக்கு டயரப் பத்தி ஒண்ணும் தெரியாது. கார ஓட்டத் தெரியும், அம்புட்டுத்தான். தோத்தா அவன் அதக் கொத்துக்கறி போட்டுருவான்" என்றாள். கண் கலங்கவில்லை, குரல்தான் இறங்கிப்போயிருந்தது.

முதலாளி வழக்கம்போலக் கேட்டார். "எந்த ரோடு, தாயி?"

"நேர் ரோடு. வளைவே கெடையாது. எல்லை தாண்டுன பெறகு பிரேக்கு போட்டாப் போதுமாம்."

"கூட யாரு?"

"யாருமில்ல."

"பின்னால பாரம்?"

"ஒண்ணுமில்ல."

முதலாளி நாற்காலியில் சாய்ந்து சிரித்தார். "வளைவும் இல்ல, ஆளும் இல்ல, பாரமும் இல்ல. இப்பிடி ஒரு ரோட்டுக்கு நான் இதுவரைக்கும் டயரு குடுத்ததே இல்லையே. பாண்டி, இது ஒன்னோட கேஸு" என்று என்னைக் கைகாட்டிவிட்டார். எனக்கு உள்ளுக்குள் கொண்டாட்டம். வெளியே காட்டிக்கொள்ளாமல், "பாப்போம்" என்றேன்.

முதலில் அந்தக் கார் எப்படிக் கிளம்புகிறது என்று பார்க்க வேண்டும். பொது ரோட்டில் இதையெல்லாம் செய்து பார்க்கிறவன் டயரை நானே கழற்றி எடுத்துக்கொள்வேன். அதனால் சின்னமனூரில் தெரிந்தவர் அரிசி ஆலையில் நெல் காயப்போடும் சிமெண்டுக் களத்தைக் கேட்டு வாங்கினோம். விஷயம் பரவி, கடை வாசலில் எப்போதும் உட்கார்ந்திருக்கும் ஜீப் டிரைவர்கள் அத்தனை பேரும் அங்கே வந்துவிட்டார்கள். முதலாளியும் குடையோடு வந்து ஓரமாக நின்றார்.

ஜெயசீலி காரில் ஏறி, கிளட்சை விட்டு ஆக்சிலேட்டரை அழுத்தினாள். டயர் கிரீச்சென்று வழுக்கிச் சுற்றியது. கார் கொஞ்சம் கழித்துத்தான் நகர்ந்தது.

"பின்னால பாரம் போடுங்கக்கா, தன்னால கவ்வும்" என்றார் ஒரு டிரைவர். எல்லோரும் தலையாட்டினார்கள். நானும்தான். எங்கள் ஊர் அறிவு அது. காலி ஜீப் மலையில் துள்ளும், ஆள் ஏறியதும் அடங்கிக் கவ்வும். பிறந்ததிலிருந்து பார்க்கிறோம். ஆலையிலிருந்து ஒரு அரிசி மூட்டையைத் தூக்கி டிக்கியில் வைத்தோம். டயர் முன்னைவிட அதிகமாகச் சுற்றியது. "பத்தல, இன்னொண்ணு போடுங்க" என்றார்கள். இன்னொரு மூட்டை ஏறியது. இப்போது கார் மூக்கைத் தூக்கிக்கொண்டு நின்ற இடத்திலேயே அலறியது, ரப்பர் நாற்றம் களம் முழுக்க அடித்தது. மூன்றாவது மூட்டைக்கு ஒருத்தர் லுங்கியை மடித்துக் கட்டிவிட்டார்.

முதலாளி குடையை மடக்கிக்கொண்டு பக்கத்தில் வந்தார். சத்தம் போடாமல் என் காதருகே கேட்டார். "பாண்டி, இந்த வண்டிய இழுக்குறது எந்தச் சக்கரம்?"

நெற்றியில் அடித்துக்கொண்டேன். ஜீப்பைத் தள்ளுவது பின் சக்கரம், பின்னால் பாரம் இருந்தால் கவ்வும். இந்தக் காரை இழுப்பது முன் சக்கரம். பின்னால் பாரம் ஏற்ற ஏற்ற முன்பக்கம் லேசாகிப் பிடி விட்டுப்போகிறது. அது தெரியாமல் ஒரு களம் நிறைய டிரைவர்கள் கூடி நின்று மூட்டை தூக்கியிருக்கிறோம். "ஏய்யா, இறக்குங்கய்யா மூட்டைய!" என்று நான் போட்ட சத்தத்தில் நெல் பொறுக்கிக்கொண்டிருந்த புறாவெல்லாம் பறந்துவிட்டது. மூட்டை மட்டுமா? ஸ்டெப்னி, ஜாக்கி, டிக்கியில் கிடந்த பழைய குடை, தண்ணீர்க் கேன் எல்லாவற்றையும் வெளியே எடுத்துப் போட்டேன். முன்னால் டாஷ்போர்டில் ஒரு மாதா சிலை ஒட்டியிருந்தது. அந்தோணி டிரைவர் பதறிப்போய், "மாதாவ எடுக்காத ஆத்தா, அவுக முன்னாலதான இருக்காக. அவுக கனம் நல்லதுதான்" என்றார். சரியான கணக்குதான். மாதா அப்படியே இருந்தாள்.

இனி டயர். போன் போடுகிறவர்கள் இந்த இடத்தைக் கவனமாகப் படிக்கவும்.

அந்தக் கார் ஒன்றும் ராட்சத இஞ்சின் வைத்ததில்லை. அகலமான டயர் கனமாக இருக்கும். பெரிய ரிம் அதைவிடக் கனம். அந்தக் கனத்தைச் சுழற்றுவதற்கே இஞ்சினின் பாதி மூச்சு போய்விடும். அதனால் அகல டயரை முதலிலேயே தள்ளினேன். காரோடு வந்த பழைய ரிம்முக்குப் பொருந்துகிற வரம்புக்குள் ஒரு படி மட்டும் கூடுதல் அகலம் எடுத்தேன். அடுத்தது உயரம். டயர் குட்டையாக இருந்தால் கார் சட்டென்று கிளம்பும். ரொம்பக் குட்டை என்றால் எல்லைக்குக் கொஞ்சம் முன்னால் நாலாவது கியருக்கு மாற்ற வேண்டியிருக்கும், அந்த ஒரு மாற்றத்தில் ஜெயித்ததெல்லாம் போய்விடும். மூன்றாவது கியரிலேயே எல்லையைத் தாண்டுகிற அளவு பார்த்துத்தான் உயரத்தை முடிவு செய்தேன்.

தரையில் படுகிற பட்டையில் ஆழமான வெட்டு இருந்தால் எங்கள் பக்கத்துக்காரர்களுக்குப் பிடிக்கும். மழை, சேறு, மலை எல்லாவற்றுக்கும் அது வேண்டும். இந்த ஓட்டத்துக்கு அது ஆகாது. தனித்தனிக் கட்டியாக நிற்கிற ரப்பர், இழுக்கும்போது நெளியும். நடுவில் வெட்டில்லாமல் முழு வரியாக ஓடுகிற பட்டையாகப் பார்த்தேன். போட்டியின் விதிப்படி ரோட்டில் ஓட்டுகிற டயராகவும் இருக்க வேண்டும், தேய்ந்து மொட்டையாகவும் இருக்கக் கூடாது.

பிறகு மிருது. டயரின் பக்கத்தில் தேய்மானத்துக்கு என்று ஓர் எண் இருக்கும். எண் குறையக் குறைய ரப்பர் மிருது, ஆயுசும் குறைவு. கடையில் இருந்ததிலேயே மிருதான ஒன்றை எடுத்து நகத்தை அழுத்திக் காட்டினேன். ஜெயசீலி ரொம்ப நேரம் பார்த்துவிட்டுக் கேட்டாள். "இது எத்தன நாளுக்கு வரும்க்கா?"

"ரேஸுக்கு இதுதான் நல்லது. தினம் ஓட்டுனா வெரசாத் தேஞ்சுரும்."

"ரேஸு ஒரு நாளுதான். பள்ளிக்கூடம் தினமும்ல இருக்கு."

முதலாளி கல்லாவிலிருந்து நிமிர்ந்து என்னைப் பார்த்துப் புன்னகைத்தார். நான் அந்த டயரைத் திரும்ப அடுக்கிவிட்டு, அதற்கு ஒரு படி கெட்டியானதை எடுத்தேன். அது சமீபத்தில் செய்து வந்த டயர். பழைய டயர் என்னதான் மிருது என்று போட்டிருந்தாலும் இருப்பில் இறுகியிருக்கும். முன்னால் இரண்டுக்கும் ஒரே பட்டை, ஒரே வாரத்தில் செய்தது. பின்னால் புது டயரே வேண்டாம் என்றேன். பின் சக்கரம் சும்மா உருண்டு வந்தால் போதும். காரில் ஏற்கெனவே இருந்ததில் நல்லதாக, குறுகலாக, கெட்டியாக இரண்டைப் பின்னால் விட்டேன்.

புது டயர் அச்சிலிருந்து வரும்போது மேலே ஒரு வழவழப்பு இருக்கும், அது போகிறவரை கவ்வாது. "போட்டிக்கு முன்னால தினம் கார்லயே பள்ளிக்கூடம் போயிட்டு வா" என்றேன். அவள் போய் வந்தாள். ஒரு நாள்கூடப் பிரேயருக்குத் தாமதமில்லை என்று வந்து சொன்னபோது அவள் முகத்தைப் பார்க்க வேண்டுமே. அப்போதே எனக்கு நிச்சயமாகிவிட்டது, இந்தக் காரை விடக் கூடாது.

கடைசி வேலை காற்று. திரும்பவும் களத்துக்குப் போனோம். டயரின் குறுக்கே சாக்பீஸால் ஒரு கோடு போட்டுக் காரைக் கொஞ்ச தூரம் உருட்ட வேண்டும். நடுவில் மட்டும் கோடு அழிந்தால் காற்று அதிகம். ஓரம் மட்டும் அழிந்தால் குறைவு. கோடு முழுக்கச் சீராக அழிகிறவரை முன் டயரில் கொஞ்சம் கொஞ்சமாகக் காற்றை இறக்கினேன். பின் டயரில் கம்பெனி சொன்ன எல்லைக்குள் நன்றாக ஏற்றினேன். முன் டயர் இப்போது தரையில் பொதிந்து உட்கார்ந்தது. ஜெயசீலி கிளட்சை விட்டாள். கிரீச் இல்லை, புகை இல்லை. விட்ட அம்பாகக் கார் கிளம்பியது. ஜீப் டிரைவர்கள் கைதட்டினார்கள். அந்தோணி டிரைவர் மட்டும் அந்த முன் டயரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

போட்டி நாளன்று வெள்ளென எல்லோரும் அந்த ஓடுதளத்தில் இருந்தோம். முதலாளி கடையைப் பூட்டிவிட்டே வந்துவிட்டார், அதே வெள்ளைச் சட்டை. ஆளுக்கு இரண்டு ஓட்டம், அதில் நல்லது எதுவோ அது கணக்கு. எல்லையில் ஒரு பெரிய பலகையில் நேரம் எரியும்.

முதலில் பெலிக்ஸ். கொச்சி ரிம்மும் அகல டயரும் மாட்டிய அந்தக் கார் மாப்பிள்ளை மாதிரி மினுங்கியது. நாலு பேர் போட்டோ எடுத்தார்கள். பச்சை விளக்கு விழுந்ததும் கார் ஒரு கணம் அமுங்கி, முக்கி, பிறகுதான் வேகம் எடுத்தது. இரண்டாவது ஓட்டத்தில் இஞ்சினை இன்னும் அலறவிட்டுக் கிளப்பினான், கொஞ்சம் நேரம் குறைந்தது. பையன் நன்றாகத்தான் ஓட்டினான், அதைச் சொல்லத்தான் வேண்டும்.

நாங்கள் டயரை மாற்றினோம். காற்றை நானே கருவி வைத்துப் பார்த்தேன். பிறகு அவள் பேரைப் பதிந்துவிட்டு வரலாம் என்று ஜெயசீலியோடு கொட்டகைக்குப் போனேன். திரும்பி வந்தபோது அந்தோணி டிரைவர் எலுமிச்சம்பழத்தோடு நின்றார். ஞாயிற்றுக்கிழமை பூசையைத் தவறவிடாத குடும்பம்தான், ஆனாலும் டிரைவராயிற்றே, எலுமிச்சம்பழம் நசுக்காமல் வண்டியை எடுக்கவிட மாட்டார். "முன் டயருக்கு வச்சீக, கொன்னுருவேன். சாறு பட்டா வழுக்கும். பின் டயருக்கு மட்டும் வைங்க" என்றேன். முணுமுணுத்துக்கொண்டே பின்னால் வைத்தார். கார் பழத்தை நசுக்கிக்கொண்டு கோட்டுக்குப் போனது.

பச்சை விளக்கு. முன் டயர் இரண்டும் பம்பரமாகச் சுற்றின. ஒரே புகை. கார் தடுமாறிக் கிளம்பி, பெலிக்ஸ் நேரத்துக்குப் பக்கத்தில்கூட வரவில்லை. அவன் வாயில் விரலை விட்டு ஒரு விசில் அடித்தான் பாருங்கள், ஓடுதளமே திரும்பிப் பார்த்தது.

ஜெயசீலி காரை விட்டு இறங்கினாள். "என்னக்கா ஆச்சு? நான் தப்பா எடுத்துட்டேனா? இன்னும் ஒரே ஒரு ஓட்டந்தான்க்கா இருக்கு." இந்தத் தடவை கண் கலங்கியே விட்டது.

எனக்கு டயர் மேலும் சந்தேகமில்லை, அவள் மேலும் சந்தேகமில்லை. குனிந்து முன் டயரை அமுக்கினேன். கல் மாதிரி இருந்தது. கருவியை வைத்தேன். நான் இறக்கி வைத்த காற்று இல்லை அது. எந்த மலைக்கும் ஏறலாம், அந்த அளவுக்கு அடித்து வைத்திருந்தது.

"முன் டயருக்குக் காத்து அடிச்சது யாரு?" என்று கேட்டேன். நான் பெலிக்ஸைத்தான் பார்த்தேன், மறைப்பானேன். அவன் இரண்டு கையையும் தூக்கி, "சத்தியமா நான் இல்லக்கா" என்றான்.

அந்தோணி டிரைவர் ஒரு கால் பம்பைத் தன் முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டு நின்றார். பம்பு எங்கே ஒளிகிறது? குழாய் தரையில் தொங்கிக்கொண்டிருந்தது.

"நாந்தான் ஆத்தா" என்றார். "டயரு சப்பையா இருந்துச்சு. அதப் பாத்துக்கிட்டு எப்பிடி நிக்கிறது? எம்புள்ள ஓட்டப் போற வண்டி. அம்புட்டு வேகத்துல போயி ஏதாச்சும் ஒண்ணு ஆயிருச்சுன்னா? மனசு கேக்கல, நாலு மிதி மிதிச்சுட்டேன்."

"நாலு மிதியா? நாப்பது மிதி மிதிச்சிருக்கீக!" என்று நான் கத்தினேன். "இது ஜீப்பாண்ணே? பின்னால பதினாலு பேரு ஒக்காந்திருக்காகளா?" இன்னும் என்னென்னவோ சொன்னேன். எழுத முடியாது. அவர் தலையைக் குனிந்து எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டார். சொல்லிக்கொண்டிருக்கும்போதே எனக்கே சிரிப்பு வந்துவிட்டது, ஜெயசீலியும் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்துவிட்டாள். முதலாளி அந்தப் பம்பை மரியாதையாக அவர் கையிலிருந்து வாங்கித் தன் அக்குளில் வைத்துக்கொண்டார். "இனி இது என்கிட்டயே இருக்கட்டும், அந்தோணி" என்றார்.

நான் முட்டி போட்டு உட்கார்ந்து காற்றை இறக்கினேன். ஓடுதளம் அதற்குள் சூடேறியிருந்தது, சூட்டில் காற்று இன்னும் விரியும், அதற்கும் சேர்த்துக் கொஞ்சம் இறக்கினேன். சாக்பீஸ் கோடு போட்டுக் காரைத் தள்ளிப் பார்த்தேன். கோடு சீராக அழிந்தது. "வேற எதையும் நெனைக்காத. களத்துல எப்பிடி விட்டியோ அப்பிடியே கிளட்ச விடு" என்று மட்டும் சொன்னேன்.

பச்சை விளக்கு விழுந்தது. ஒரு சத்தம் இல்லை. முன் டயர் தரையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனது. இரண்டாவது கியர், மூன்றாவது கியர், அதோடு சரி, எல்லையைத் தாண்டிவிட்டாள். பலகையில் எண் எரிந்தது. பெலிக்ஸ் நேரத்தைவிட ஒரு கண் சிமிட்டல் குறைவு. ஜெயித்துவிட்டாள்! நான் துள்ளியதில் கால் செருப்பு ஒன்று எங்கோ போய் விழுந்தது. வெள்ளைச் சட்டைக்காரர் என் கருப்புக் கையைப் பிடித்துக் குலுக்கினார், சட்டைக் கையெல்லாம் கறை. பெலிக்ஸ் தன் கொச்சி டயர் ஒன்றின் மேல் தொப்பென்று உட்கார்ந்து, "இத ஒக்காரத்தான் வாங்கிருக்கேன்போல" என்றான். பிறகு எழுந்து போய் அக்காவைக் கட்டிக்கொண்டான்.

போட்டி முடிந்த பிறகு, லைசென்ஸ் உள்ளவர்கள் யார் வேண்டுமானாலும் பேர் கொடுத்து ஒரு தடவை ஓட்டிப் பார்க்கலாம் என்று ஒலிபெருக்கியில் சொன்னார்கள். அந்தோணி டிரைவர் மகளிடம் போய் நின்றார். மகள் காரல்லவா இப்போது. "ஆத்தா, நான் ஒருக்கா ஓட்டிப் பாக்கவா?" என்று கூச்சத்தோடு கேட்டார். அவள் தன் ஹெல்மெட்டையே அவர் தலையில் மாட்டிவிட்டாள்.

நான் இத்தனை வருடத்தில் எத்தனையோ பேர் கிளட்சை விடுவதைப் பார்த்திருக்கிறேன். அப்படி ஒரு காலைப் பார்த்ததில்லை. பச்சை விழுந்தது, கார் அங்கே இல்லை, அவ்வளவுதான் சொல்ல முடியும். பலகையில் எண் எரிந்தது. ஜெயசீலியின் நேரத்தைவிடக் குறைவு.

பெலிக்ஸ் குதித்தான். "அப்பா ஜெயிச்சுட்டாக! வேகமா ஓட்டுனவுகளுக்குத்தான வண்டி? வண்டி அப்பாவுக்கு!"

விளையாட்டாகத்தான் சொன்னான். ஆனால் ஜெயசீலியின் சிரிப்பு பாதியில் நின்றதை நான் பார்த்தேன். சொன்ன சொல் சொன்ன சொல்தானே. சாட்சிக்காரரும் பக்கத்திலேயே நிற்கிறார்.

அந்தோணி டிரைவர் காரை மெதுவாக உருட்டிக்கொண்டு வந்து நிறுத்தினார். இறங்கினார். ஹெல்மெட்டைக் கழற்றினார். அந்த மனுசன் பல் தெரியச் சிரித்து அன்றைக்குத்தான் பார்த்தேன். சாவியை மகள் உள்ளங்கையில் வைத்து, அவள் விரல்களை மடக்கினார்.

"நான் எங்கனடா போட்டி போட்டேன்?" என்றார் பெலிக்ஸைப் பார்த்து. "ஆயுசு பூரா அடுத்த வீட்டுப் பொம்பளைகள பின்னால வச்சுக்கிட்டு, பையப் பைய மலையேறுனவன்டா நானு. பின்னால யாருமே இல்லாம ஒருக்கா ஓட்டிப் பாத்தேன். அம்புட்டுத்தான்."

ஜெயசீலி சாவியைத் திரும்ப அவர் கையில் வைத்து, "இன்னொருக்கா போயிட்டு வாங்கப்பா" என்றாள். மனுசன் ஒரு பேச்சுக்குக்கூட வேண்டாம் என்று சொல்லவில்லை.